இருளில் ஒற்றை எஞ்சின்: எதை முதலில் எடைபோடுவது?

ஒற்றை எஞ்சின் விமானத்தில் இரவில் பறக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்: நடுவானில் எஞ்சின் நின்றுவிடுகிறது, கீழே ஒரே இருட்டு. அந்த அச்சம் நியாயமானது. பகலில் எஞ்சின் நின்றால் ஒரு வயலையோ புல்வெளியையோ தேடிப்பிடித்து இறக்கலாம். இரவில் எது வயல், எது தோப்பு, எது ஏரி என்பது தரையை நெருங்கும்வரை தெரியாது. ஆனால் அந்த அச்சத்திலிருந்து கணக்கைத் தொடங்கினால் கணக்கே தவறிவிடும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். சிறு விமானங்களை ஓட்டும் லைகமிங், கான்டினென்டல் பிஸ்டன் எஞ்சின்களுக்குப் பகல், இரவு என்ற வேறுபாடு கிடையாது. எஞ்சின் பழுதாகும் வாய்ப்பை இருட்டு கூட்டுவதில்லை. பழுதானால் நேரும் விளைவைத்தான் மோசமாக்குகிறது. விமானியின் கண்ணும் காதும் அப்படியல்ல. அவை தவறும் வாய்ப்பையே இருட்டு கூட்டிவிடுகிறது. தவறினால் விளைவு பெரும்பாலும் மரணம். ஆகவே முதலில் எடைபோட வேண்டியது விமானியை. எஞ்சின் அதற்கு அடுத்ததுதான்.

நாடுகளின் விதிகளைப் படித்தாலும் இந்த வரிசை தெரியும். தனியார் விமானி உரிமத்துக்கு அமெரிக்கா 3 மணி நேர இரவுப் பயிற்சியைக் கேட்கிறது. அதில் 100 கடல் மைலுக்கு மேற்பட்ட ஒரு பயணமும், முழுவதுமாக நின்று முடியும் 10 தரையிறக்கங்களும் அடங்க வேண்டும். இரவில் பயணிகளை ஏற்றிச் செல்ல வேண்டுமானால் முந்தைய 90 நாட்களுக்குள் இரவில் 3 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். பார்வைவழிப் பறத்தலுக்குப் பகலில் 30 நிமிட எரிபொருள் கையிருப்பு போதும்; இரவில் 45 நிமிடம். கனடா இரவுக்கென்று தனித் தகுதியே வைத்து, கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சியையும் அதோடு சேர்த்திருக்கிறது. பிரிட்டன் 2012 வரை இரவில் பார்வைவழி விதிகளின்கீழ்ப் பறக்கவே விடவில்லை. இந்தியாவில் பார்வைவழிப் பறத்தல் சூரிய அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் கழித்து முடிந்து, உதயத்துக்கு 20 நிமிடம் முன்புதான் மீண்டும் தொடங்குகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியோடு நடக்கும் உள்ளூர்ப் பறத்தலும் ஃப்ளையிங் கிளப் பயிற்சியும் மட்டும் விதிவிலக்கு. இங்கிருந்து ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு, ஊரில் இல்லாத அந்த இரவுச் சுதந்திரம் சில மாதங்களிலேயே கிடைத்துவிடுகிறது. அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சொந்த விருப்பத்துக்குப் பறப்பவரிடம் மேற்சொன்ன விதிகள் எத்தனை எஞ்சின் என்று கேட்கவில்லை. எதைப் பார்க்க முடிகிறது, எவ்வளவு பழக்கம் இருக்கிறது என்றுதான் கேட்கின்றன.

பார்ப்பது என்றால் என்ன என்பதை உடலிலிருந்தே தொடங்க வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதியில் கூம்புச் செல்கள் நெருங்கியிருக்கின்றன. அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். மங்கலில் வேலைசெய்யும் கோல் செல்கள் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால் இரவில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துபோகும். சற்றே பக்கவாட்டில் பார்த்தால் தென்படும். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக ஏறக்குறைய அரை மணி நேரமாகும். அந்தப் பழக்கத்தை ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் கெடுத்துவிடும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எளிதில் சமாளிக்க முடியாதது அடிவானத்தின் இழப்பு. பகலில் விமானி தன்னையறியாமலே அடிவானத்தைப் பார்த்துச் சிறகுகளை மட்டமாக வைத்திருக்கிறார். அது மறைந்ததும் உட்காதின் அரைவட்டக் குழல்கள் பொறுப்பேற்றுக்கொள்கின்றன. அவை மெதுவான சாய்வை உணரவே உணராதவை. விமானம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். உடல் நேராக இருப்பதாகவே சொல்லும். சாய்வு கூடக் கூட மூக்கு தாழும், வேகம் ஏறும். ஏறும் வேகத்தைக் கண்டு கட்டுத்தடியை இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். புறப்படும்போது இதற்கு நேர்மாறான மயக்கம் ஒன்று உண்டு. ஓடுபாதையில் வேகம் பிடிக்கும் விமானத்தின் முடுக்கத்தை உட்காது மூக்கு உயர்வதாக எடுத்துக்கொள்கிறது. எதிரே வெளிச்சம் இல்லாத இடத்தில் அதை நம்பி மூக்கைத் தாழ்த்தியவர்கள் நல்ல எஞ்சினோடு தரையில் மோதியிருக்கிறார்கள்.

எத்தனை விரைவாக இது நடக்கும் என்பதற்கு ஒரு பழைய அளவீடு இருக்கிறது. 1954இல் இலினாய் பல்கலைக்கழகம், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைப் பீச்கிராஃப்ட் பொனான்சா விமானத்தில் ஏற்றி, வெளியே பார்க்க முடியாதபடி செய்து ஓட்டச் சொன்னது. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 நொடிகளில், ஒருவர் 480 நொடிகளில். சராசரி 178 நொடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. இந்த எண்ணை எச்சரிக்கையாக மேற்கோள் காட்டுபவர்கள் அந்த ஆய்வின் மறுபாதியை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ஆய்வின் நோக்கமே, சிறிதளவு பயிற்சி கொடுத்தால் இவர்கள் திரும்பி வெளியே வர முடியுமா என்று பார்ப்பது. சில மணி நேரப் பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய எல்லா முயற்சிகளிலும் அவர்களால் முடிந்தது. உடல் தன் நிலையைத் தவறாக உணரும் இந்த நிலைமயக்கம் தலைவிதியல்ல, பழக்கத்தால் குறைக்கக்கூடிய ஆபத்து. எஞ்சின் பழுதைப் பற்றி அதே அளவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. இதுவும் விமானியிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம்: உழைப்புக்கு அதிகப் பலன் கிடைக்கும் இடம் அது.

1999 ஜூலை 16 இரவு ஜான் எஃப். கென்னடி ஜூனியர், மனைவியையும் அவருடைய சகோதரியையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியின் எசெக்ஸ் கவுண்டி விமான நிலையத்திலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் புறப்பட்ட பயணத்தை இந்தக் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும். விமானம் ஒற்றை எஞ்சின் பைப்பர் சரடோகா. விமானிக்கு மொத்தம் ஏறக்குறைய 310 மணி நேர அனுபவம்; இரவில் 55 மணி நேரம்; கருவிவழித் தகுதி இல்லை. அமாவாசை கழிந்து மூன்றே நாள். நிலவு மெல்லிய பிறைதான். பனிமூட்டம் போன்ற புழுதிமங்கல். ஆனாலும் வழியிலிருந்த நிலையங்கள் அறிவித்த பார்வைத்தூரம் சட்டம் கேட்கும் 3 மைலைவிடக் கூடுதல்; அந்தப் பயணத்தைச் சட்டம் தடுக்கவில்லை. ரோட் ஐலண்டின் பாயிண்ட் ஜூடித் வரை கரையின் விளக்குகள் துணைக்கு வந்தன. அதன்பின் சுமார் 30 மைல் திறந்த கடல். அன்றிரவு அதே பகுதியில் பறந்த வேறு சிலர், நீருக்கு மேல் அடிவானமே தெரியவில்லை என்று பின்னர் சொன்னார்கள். கடைசி நொடிகளில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் இறங்கியதை ரேடார் பதிவு காட்டியது. எஞ்சினில் பழுதில்லை. இருண்ட இரவில் நீருக்கு மேல் இறங்கும்போது நிலைமயக்கத்தால் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. விமானத்தில் ஆட்டோபைலட்டும் இருந்தது. பார்வைத்தூரம் என்பதும் அடிவானம் என்பதும் வேறு வேறு. சட்டம் முதலாவதை மட்டும் அளக்கிறது. இரண்டாவதை அளக்கும் பொறுப்பு விமானியுடையது: நிலவு எப்போது உதிக்கும், எவ்வளவு வளர்ந்திருக்கும், பாதையின் எந்தப் பகுதிக்குக் கீழே விளக்கே இருக்காது என்பதைப் புறப்படும் முன்பே தாளில் எழுதிவைத்தால் அதை அளந்துவிடலாம்.

இறங்கும் கட்டத்துக்கும் ஒரு தனி மயக்கம் உண்டு. விளக்கில்லாத நிலத்தையோ நீரையோ தாண்டி, ஒளிரும் ஓடுபாதையை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு இறங்குபவருக்கு, தான் உயரமாக இருப்பதாகத் தோன்றும். தாழ்த்திக்கொண்டே வந்து ஓடுபாதைக்கு முன்பே தரையைத் தொட்டுவிடுவார். போயிங்கில் கான்ராட் கிராஃப்ட் 1960களில் சிமுலேட்டரில் இதை ஆராய்ந்தபோது, நல்ல அனுபவமுள்ள விமானிகளே தேவைக்கும் கீழே பறந்தார்கள். மருந்து எளியது. இறங்கும் சரிவைக் காட்டும், நான்கு விளக்குகள் கொண்ட பாப்பி (PAPI) இருக்கும் ஓடுபாதையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரியும்வரைதான் சரியான சரிவு. பாப்பி இல்லாத, பழக்கமும் இல்லாத நிலையத்தில் இரவில் முதன்முறையாக இறங்கத் திட்டமிடுவது, பணம் மிச்சமாகும் என்பதற்காகக்கூட ஏற்கத்தக்கதல்ல.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் சரி, இரண்டு எஞ்சின் இருந்தால் ஓர் ஆபத்தாவது குறையுமே என்பார்கள். குறையும், ஆனால் நினைக்கும் அளவுக்கு அல்ல. 2011 ஆகஸ்ட் 18 மாலை இருட்டிய பிறகு ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியிலிருந்து ஏபிசி தொலைக்காட்சிக் குழுவை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஹெலிகாப்டருக்கு இரண்டு எஞ்சின்கள். விமானி மிகுந்த அனுபவசாலி. சுற்றிலும் விளக்கும் இல்லை, நிலவொளியும் இல்லை. கிளம்பிய சிறிது நேரத்தில் தரையில் மோதி மூவரும் இறந்தார்கள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் சுட்டியதும் நிலைமயக்கத்தைத்தான். சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களின் கதையும் சிக்கலானது. ஏறும்போது ஓர் எஞ்சின் நின்றால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருகும். உடனே சரியாக எதிர்வினை செய்யாவிட்டால் விமானம் கவிழும். இருட்டில், அடிவானம் இல்லாமல் அந்த எதிர்வினையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. தவறாமல் பழகிவருபவருக்கு இரண்டாவது எஞ்சின் பெரிய பாதுகாப்பு. ஆண்டுக்குச் சில முறை மட்டும் ஓட்டுபவருக்கு அது இன்னொரு ஆபத்தாகவும் ஆகிவிடலாம்.

எதிர்த் திசையிலிருந்தும் மறுப்பு வரும். கருவிவழித் தகுதி பெற்றாயிற்று, ஆட்டோபைலட் இருக்கிறது, மலைகளைத் திரையில் வரைந்துகாட்டும் ஜிபிஎஸ் இருக்கிறது, இனி இரவும் பகலும் ஒன்றுதானே? இந்த வாதத்தில் பாதி உண்மை. இந்த மூன்றும் சேர்ந்து மேலே சொன்ன ஆபத்துகளில் பெரும்பகுதியை உண்மையிலேயே தணிக்கின்றன. கருவிவழித் தகுதி இல்லாதவர் நிலவற்ற இரவில் நெடும்பயணம் போகவே கூடாது என்று சொல்லத் தயங்க மாட்டேன். ஆனால் அவை தணித்த பிறகு எஞ்சுவது எது? முதலில் ஒதுக்கிவைத்த எஞ்சின் ஆபத்து அப்படியே இருக்கிறது. கருவிகளில் தேர்ந்தவரின் கணக்கில் இப்போது அதுதான் பெரிய பங்கு. அதனால் தேர்ச்சி கூடக் கூட எஞ்சினைப் பற்றிய கவலையும் கூட வேண்டும் என்பதே சரியான வரிசை. நடைமுறையில் பலரிடம் இது தலைகீழாக இருக்கிறது.

எஞ்சின் நிற்பதில் ஒரு பகுதி விமானியின் கையிலேயே இருக்கிறது. எரிபொருள் தீர்வது, ஒரு டேங்கில் எரிபொருள் இருக்கும்போதே வெறுமையான டேங்கைத் தேர்ந்தெடுத்திருப்பது, கார்புரேட்டரில் பனி உறைவது, இவையெல்லாம் இயந்திரக் கோளாறு அல்ல. அளவுகோலை டேங்கில் விட்டுப் பார்ப்பது, சட்டம் கேட்கும் 45 நிமிடத்துக்குப் பதில் முழுதாக ஒரு மணி நேரத்துக்குமேல் கையிருப்பு வைப்பது, மேக்னெட்டோ சோதனையில் சிறு தடுமாற்றம் தெரிந்தாலும் பகலுக்குத் தள்ளிப்போடுவது, பராமரிப்பு முடிந்து வந்த விமானத்தை முதலில் பகலில் ஓட்டிப்பார்ப்பது ஆகியவை இந்தப் பகுதியை வெகுவாகச் சுருக்கும். மின்சாரமும் தனிக் கவனம் கேட்கிறது. ஆல்டர்னேட்டர் செத்தால் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஏனெனில் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. ஆனால் விளக்கும் ரேடியோவும் திரைகளும் பேட்டரி உள்ளவரைதான். கைக்கெட்டும் இடத்தில் இரண்டு டார்ச் வேண்டும்.

மிஞ்சும் பகுதிக்கு ஒரு எளிய அளவு உண்டு: எஞ்சின் இப்போது நின்றால் விளக்குள்ள ஓடுபாதையை எட்ட முடியாத நிமிடங்கள் எத்தனை? செஸ்னா 172 எஞ்சின் இல்லாமல் 1,000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல் சறுக்கும். எதிர்காற்று, தடுமாற்றம், ஓடுபாதையைச் சுற்றி வருவது எல்லாவற்றுக்கும் இடம்விட்டு, இரவுக் கணக்குக்கு 1,000 அடிக்கு ஒரு மைல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளக்குள்ள நிலையங்கள் 25 மைலுக்கு ஒன்றாக அமைந்த பாதையில், தரைக்கு மேல் 3,000 அடியில் 110 நாட் வேகத்தில் போனால், ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 6 மைல்தான் காப்புக்குள் வரும். 19 மைல், அதாவது ஏறக்குறைய 10 நிமிடம், காப்பில்லாத நேரம். 8,000 அடியில் போனால் 16 மைல் காப்புக்குள். காப்பில்லாதது 9 மைல், 5 நிமிடம். உயரத்தை மாற்றியதாலேயே எஞ்சின் ஆபத்தில் பாதி போய்விடுகிறது. பாதையை நிலையங்களின் மேல் வளைத்துப் போட்டால் இன்னும் குறையும். நேர்கோட்டைவிடப் பத்து நிமிடம் கூடலாம், அது மலிவான விலை. உயரத்துக்கும் ஒரு விலை உண்டு: 5,000 அடிக்கு மேல் இரவுப் பார்வை ஆக்சிஜன் குறைவால் மங்கத் தொடங்கும் என்பதால், அந்த உயரத்திலிருந்தே இரவில் ஆக்சிஜன் பயன்படுத்துவது நல்லது என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். சிறு சிலிண்டர் ஒன்று இருந்தால் இந்த முரண் தீரும். எந்தக் கணக்கிலும் அடங்காதது புறப்பட்டவுடன் வரும் ஒன்றிரண்டு நிமிடங்கள். அதைச் சுருக்க ஒரே வழி, நிலையத்தின் மேலேயே வட்டமிட்டு உயரம் பிடித்து, பிறகு பாதையில் திரும்புவது.

அப்படியும் இருட்டுக்குள் இறங்க நேர்ந்தால், உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தரையைத் தொடும் வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 50 நாட்டில் தரை தொடும் விமானம் 15 நாட் எதிர்காற்றில் இறங்கினால் தரைவேகம் 35. அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 65. ஆற்றலில் வித்தியாசம் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. பகலில் புகையும் நீரலையும் காற்றின் திசையைச் சொல்லும், இரவில் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு நிலையத்தையும் கடக்கும்போது தரைக்காற்றின் திசையைக் கேட்டு எழுதிக்கொள்வது, உயிர்காக்கும் பழக்கங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. வீடுகளும் கம்பங்களும் மின்கம்பிகளும் விளக்குள்ள பகுதியில்தான் அடர்ந்திருக்கும் என்பதால், பழக்கமில்லாத இடத்தில் இருண்ட திறந்த பகுதியே நல்லது என்பது கையேடுகளின் பரிந்துரை. பிறகு சிறகைக் கவிழவிடாமல், விமானம் முற்றிலும் தளரும் முன் மிகக் குறைந்த வேகத்தில், நிமிர்ந்த நிலையில் தரை தொட வேண்டும். சிர்ரஸ் விமானங்களில் இருக்கும் முழுவிமானப் பாராசூட் இந்தத் தேடலையே தவிர்த்துவிடுகிறது. சில நூறு அடி உயரம் மிச்சமிருந்தால் போதும், கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. இரவில் அதிகம் பறப்பவர் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதற்குத் தனி மதிப்பெண் கொடுப்பது நியாயம்.

எஞ்சின் நிற்பது லட்சத்தில் ஒன்று, அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. லட்சத்தில் ஒன்று என்ற அளவு உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பன்னாட்டு சிவில் விமான அமைப்பு, பயணிகளை ஏற்றும் ஒற்றை எஞ்சின் விமானங்களை இரவில் அனுமதிக்கும் தரத்தை 2005இல் சேர்த்தபோது வைத்த எல்லை அது: 1,00,000 மணி நேரத்துக்கு ஒரு சக்தி இழப்புக்கும் குறைவு. ஆனால் அந்த அனுமதி டர்பைன் எஞ்சின்களுக்கு மட்டும். பிலாட்டஸ் பிசி-12, செஸ்னா காரவன் போன்றவை அந்த வகை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இதே பாதையில் வந்தது. பிஸ்டன் எஞ்சினுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. கூலிக்கு ஏற்றும் பயணிக்காகச் சட்டம் செய்த கணக்கை, நட்புக்காக ஏற்றும் பயணிக்காக விமானி தானே செய்ய வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இரவில் பறக்கவே வேண்டாமா என்றால், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவுக் காற்று பகலைவிட அமைதியானது. பிற விமானங்களின் விளக்குகள் வெகு தொலைவிலிருந்தே தெரியும். விமானிக்கு இருட்டைப் பழகாத பயிற்சி முழுமையான பயிற்சியும் அல்ல. வளர்ந்த நிலவில், சமவெளியில், நிலையங்கள் நெருங்கிய பாதையில், கருவிப் பழக்கமுள்ளவர் உயரமாகப் பறந்தால் அந்த ஆபத்து ஏற்கத்தக்கது என்றே கருதுகிறேன். நிலவற்ற இரவில் மலைக்கோ காட்டுக்கோ திறந்த கடலுக்கோ மேல் ஒற்றை பிஸ்டன் எஞ்சினில் போவது ஏற்கத்தக்கதல்ல. விமானி எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சரி. அங்கே கண்ணும் எஞ்சினும் ஒரே நேரத்தில் ஆதாரம் இழந்து நிற்கின்றன. ஒன்று தவறினால் மற்றது காப்பாற்ற வழியில்லை. இடைப்பட்ட பயணங்களுக்குத்தான் நிமிடக் கணக்கு. காப்பில்லாத நிமிடங்கள் எத்தனை வரை சம்மதம் என்பதை ஒவ்வொருவரும் பகலிலேயே, அவசரம் எதுவும் இல்லாதபோது முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும். புறப்பாடு தாமதமாகி, பகல் பயணமாகத் திட்டமிட்டது இரவுப் பயணமாக மாறும் வேளையில், அதை முதன்முறையாக யோசிக்கக் கூடாது. அப்போது எல்லா எண்ணும் சம்மதமாகவே தோன்றும். உடன் வருபவர்களிடமும் அந்த எண்ணைச் சொல்லுங்கள். இருட்டினால் இரவு அங்கேயே தங்கி விடியற்காலையில் கிளம்புவோம் என்று முன்கூட்டியே சொல்லி, மறுநாள் வேலைக்கு விடுப்பும் அறைக்குப் பணமும் ஒதுக்கிவைத்துக்கொண்டு வருபவர்களை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.